பல்லாவரம் சந்தையில் ஸ்கல்லி: மர்மத் தொடர்களுக்கு மட்டும் ஏன் நல்ல பொம்மை அமைவதில்லை?

பழையபெட்டி பாண்டி | சனி, காலை 7:10

நேற்று பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்கு மிக்சி ஜார் மூடி வாங்கப் போனேன். மூடி கிடைக்கவில்லை. பழைய ரிமோட்டுகளைக் கொட்டி வைத்திருந்த தார்ப்பாயின் ஓரத்தில், கை உடைந்த ஒரு பார்பிக்கும் சக்கரம் இல்லாத ஒரு ஜே.சி.பி.க்கும் நடுவே ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். சிவந்த முடி, இருண்ட கோட்டு, ஆறு அங்குல உயரம். திருப்பினால் டானா ஸ்கல்லி! 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்க மர்மத் தொடரில் வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி ஸ்கல்லியேதான்.

விலை 200 என்றார். நான் உடனே பொம்மையைக் கீழே போட்டுவிட்டு ஒரு ரிமோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். ஆசைப்பட்ட பொருளைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசினால் விலை குறையாது என்பது என் அப்பா காய்கறிக் கடையில் கற்றுக்கொடுத்தது. கடைசியில் 80 ரூபாய்க்கு முடிந்தது.

இரண்டு கேள்விகள். இது அசலா? அசல் என்றால், 1993-ல் தொடங்கி இடைவெளி விட்டு 2018 வரை 218 பகுதி ஓடிய ஒரு தொடருக்கு இவ்வளவு சப்பையான பொம்மையா? கோட்டை மறைத்துவிட்டுப் பார்த்தால் வங்கி மேலாளர் மாதிரி இருக்கிறாள்.

ஒன்றுக்கு அறுபத்துநாலு | சனி, காலை 8:02

அசலாகத்தான் இருக்கும். ஸ்கல்லிக்குப் போலி அடித்து யார் சம்பாதிக்கப் போகிறார்கள்? 1998-ல் 'எக்ஸ் ஃபைல்ஸ்' முதல் சினிமா வந்தபோது மெக்ஃபார்லேன் டாய்ஸ் வெளியிட்ட வரிசை அது. கழுத்து, காலடி, கோட்டின் உள்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள், உரிமப் பொறிப்பு எங்காவது இருக்கும்.

ஆனால் அதைவிட முக்கியமான விஷயம். பக்கத்தில் ஒரு பார்பி கிடந்தது என்றீர்களே, அதன் முடி என்ன நிறம்? அதே 1998-ல் மேட்டல் நிறுவனம் பார்பியையும் கென்னையும் ஸ்கல்லி, அவள் கூட்டாளி மல்டராக உடுத்தி ஒரு ஜோடிப் பெட்டி விட்டது. அந்த பார்பிக்குச் சிவப்பு முடி. ஸ்கல்லியைத் தூக்கிப் போட்ட அதே வீடு இதையும் தூக்கிப் போட்டிருக்கலாம் இல்லையா?

பழையபெட்டி பாண்டி | சனி, காலை 8:05

ஐயோ. நான் முடியைப் பார்க்கவே இல்லையே. ஒரே தூசி. செம்பட்டை மாதிரிதான் ஞாபகம்.

ஒன்றுக்கு அறுபத்துநாலு | சனி, காலை 8:06

அடுத்த வெள்ளி விடியலிலேயே போங்கள்.

வன்கூவர் வாசன் | சனி, காலை 9:40

பாண்டி அண்ணை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ. இங்கே வீட்டு முற்றத்து விற்பனைகளில் அந்த மல்டரும் ஸ்கல்லியும் பெட்டி பிரிக்காமலே வந்து கிடப்பார்கள். 90-களின் முடிவில் ஆளாளுக்கு "பின்னாளில் விலை ஏறும்" என்று வாங்கிப் பரணில் வைத்தார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எங்கே தட்டுப்பாடு வரும்? 1999-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துப் பொம்மைகளுக்கும் இதே கதிதான். 1977-ல் வந்த முதல் படத்துக் காலத்தில் பிள்ளைகள் மண்ணில் போட்டு உடைத்தார்கள், அதனால்தான் மிஞ்சியதற்கு இந்த விலை.

'எக்ஸ் ஃபைல்ஸ்' முதல் ஐந்து பருவமும் எடுத்தது எங்களூர் வன்கூவரில்தான் என்பதைப் பெருமைக்குச் சொல்லி வைக்கிறேன். அந்த மழை, அந்த மர இருட்டு, பனிமூட்டத்துக்குள் டார்ச் வெளிச்சம், எல்லாம் இங்கே நவம்பரில் சும்மா கிடைப்பது. ஆறாம் பருவத்தில் படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலஸ் போனது, வெயில் வந்தது, பயம் பாதி போனது. பொம்மை ஏன் சப்பை என்று கேட்டீர்களே, பதில் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தொடரில் பயம் ஆட்களில் இல்லை, இருட்டில். இருட்டை எந்தக் கம்பெனி பிளாஸ்டிக்கில் வார்க்கும்?

கருப்பு கண்ட மதுரைக்காரன் | சனி, காலை 11:25

வாசன் சொன்னது சரி. நம் ஊர்க் கணக்கில் இதைச் சொல்லிப் பார்க்கிறேன். 'விடாது கருப்பு' பார்த்து வளர்ந்தவன் நான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்ம தேசம்' டிவி தொடர் வரிசையில் என்னைக் கேட்டால் அதுதான் உச்சம். அது ஓடும் இரவில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் தனியாகக் கொல்லைப்பக்கம் போகாது. குதிரைக் குளம்பொலி கேட்டாலே பாட்டி விபூதியை எடுத்துவிடுவார். கொன்றது கருப்பா, மனிதனா என்ற கேள்வியைக் கடைசிவரை இழுத்து, நடுவில் பிளவு ஆளுமை என்ற மனநோயைக் கொண்டுவந்து, சந்தேகத்தை மட்டும் முழுதாகத் துடைக்காமல் விட்டார்கள் பாருங்கள், அந்த நிதானம் இன்று எந்த வெப் தொடரிலும் இல்லை.

அதற்கு ஒரு பொம்மை வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அரிவாளோடு ஒரு கருப்பு, விசையை அழுத்தினால் கண் எரியும். ஒரே வாரத்தில் பயம் தெளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத வரைதான் மர்மம், பொம்மை என்றால் முழுசாகத் தெரிந்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவராது.

பழையபெட்டி பாண்டி | சனி, காலை 11:31

கொன்றது யார் என்று யாராவது இங்கே எழுதினால் கையை உடைப்பேன். என் பெண் இப்போதுதான் யூடியூபில் பத்தாவது பகுதி பார்க்கிறாள்.

ஒன்றுக்கு அறுபத்துநாலு | சனி, மதியம் 1:15

மதுரைக்காரரே, உங்கள் விதிக்கு ஒரு விலக்கு. என் மேசையிலேயே நிற்கிறது: 1967 செவ்ரோலே இம்பாலா குட்டிக் கார், கறுப்பு, 1:64 அளவு (அசலில் அறுபத்துநாலில் ஒரு பங்கு), கிரீன்லைட் தயாரிப்பு. 'சூப்பர்நேச்சுரல்' தொடரின் வண்டி. 2005 முதல் 2020 வரை 15 பருவம், 327 பகுதி. வின்செஸ்டர் சகோதரர்கள் பேய், பிசாசு, தேவதை என்று ஊர் ஊராக வேட்டையாடுவார்கள், தங்குவதற்கு வீடு கிடையாது. அந்தக் கார்தான் வீடு.

தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி முதலில் மஸ்டாங் கார்தான் யோசித்திருந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர்தான் '67 இம்பாலா என்றார். காரணம், அதன் டிக்கியில் ஒரு பிணம் வைக்கலாம்! கதைக்கு என்ன தேவை என்று அந்த மனிதருக்குப் புரிந்திருக்கிறது.

இந்தக் காரைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே அந்தத் தொடரின் இரவு நெடுஞ்சாலை ஞாபகம் வருகிறது. காரணம் எளிது. முகத்தைச் சிறிதாக்கினால் வேறு ஆளாகிவிடுகிறது. காரைச் சிறிதாக்கினால் அதே கார்தான். மர்மத் தொடருக்குப் பொம்மை செய்கிறவர்கள் ஆட்களை விட்டுவிட்டுப் பொருட்களைப் பிடிக்க வேண்டும். 'எக்ஸ் ஃபைல்ஸி'லிருந்து 2008-ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போன பொருட்களில் மல்டர் அறைச் சுவரில் தொங்கும் பறக்கும் தட்டுப் போஸ்டரும் ஒன்று. அந்தத் தொடர் என்றதும் பாதிப் பேருக்குக் கண்முன் வருவது அந்தப் போஸ்டர்தானே?

வன்கூவர் வாசன் | சனி, மதியம் 1:50

ஓம், இதை ஒத்துக்கொள்கிறேன். பழைய உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 1966 முதல் 1971 வரை அமெரிக்காவில் 'டார்க் ஷேடோஸ்' என்று ஒரு பகல்நேரத் தொடர், 1,225 பகுதி. அதில் வந்த பார்னபஸ் காலின்ஸ் என்ற இரத்தக்காட்டேரிக்கு மில்டன் பிராட்லி நிறுவனம் 1969-ல் ஒரு பலகை விளையாட்டு விட்டது. விளையாட்டு என்னவோ சாதாரணம்தான், எலும்புக்கூட்டை முழுதாகச் சேர்ப்பவர் வெற்றி. ஆனால் உள்ளே ஒரு சவப்பெட்டியும், இருட்டில் ஒளிரும் கோரைப்பல்லும் இருந்தன. பல்லை மாட்டிக்கொண்டு தங்கையைத் துரத்தாத பிள்ளை இருந்திருக்குமா? பல்லோடு கிடைக்கும் பெட்டியைத்தான் இன்றும் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸு'க்கு 2019-ல் லெகோ விட்ட வீடும் இந்த வகைதான். 2,287 துண்டு. மேலே வழக்கமான வீடு, கீழே அதே வீடு பாழடைந்து. கவிழ்த்து வைத்தால் தலைகீழ் உலகம். தொடரின் கருவையே கட்டடமாக்கிவிட்டார்கள்.

மாடவீதி மாமி | சனி, மாலை 4:30

எல்லோரும் பெரிய பெரிய தொடராகப் பேசுகிறீர்கள். என் பெண் வாங்கி வைத்திருக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். 'ட்வின் பீக்ஸ்' என்று 1990-ல் வந்த தொடராம். அதில் முதல் காட்சியிலேயே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பெண்ணின் சடலம் கரை ஒதுங்குகிறது. ஃபன்கோ பாப்காரர்கள் அந்தச் சடலத்தையே பொம்மையாகப் போட்டிருக்கிறார்கள், பெரிய தலை, சுற்றிலும் பிளாஸ்டிக் உறையோடு! வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஹாலில் வைத்திருந்தாள். எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அது இருக்கட்டும். பேரத்தில் வாங்குவது, செட்டு சேர்ப்பது என்று ஏதோ நேற்று முளைத்த பழக்கம் மாதிரி பேசுகிறீர்கள். என் மாமியார் தசாவதார செட்டில் வாமனர் உடைந்து, அதே அச்சில், அதே சாயத்தில் இன்னொரு வாமனரைத் தேடிப் பதினோரு வருஷம் அலைந்தார். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, பண்ருட்டி, விளாச்சேரி எல்லாம் போயாயிற்று. கடைசியில் வடக்கு மாடவீதியில், கொலு ஆரம்பிக்கும் முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல், கடைக்காரர் மூட்டை கட்டும்போது கிடைத்தார் வாமனர். பாதி விலைக்கு! இன்றைக்கும் நான் அந்த நேரத்துக்குத்தான் போவேன். மூட்டை கட்டுகிறவருக்குத் திரும்ப ஏற்றிப்போகிற கூலியும் உடைகிற பயமும் தலையில் நிற்கும்.

கருப்பு கண்ட மதுரைக்காரன் | சனி, மாலை 5:02

மாமி, விளாச்சேரி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். அடுத்த முறை சொல்லுங்கள்.

கோவை கோப்ரா | சனி, இரவு 9:18

மாமியின் பதினோரு வருஷத்துக்கு முன் என் கதை சாதாரணம். ஆனாலும் சொல்கிறேன்.

ஃபன்ஸ்கூல் விட்ட ஜி.ஐ.ஜோ படைவீரர் பொம்மைகள் ஞாபகம் இருக்கிறதா? எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்க ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கியது ஃபன்ஸ்கூல். கோவாவில் தொழிற்சாலை. அமெரிக்காவில் ஓய்ந்த அச்சுகள் இங்கே வந்து சேரும். அச்சு அதேதான், நிறம் மட்டும் நம் ஆட்கள் இஷ்டத்துக்கு. அங்கே காக்கி உடுத்தியவன் இங்கே மஞ்சளில் நிற்பான், ஒருவன் துப்பாக்கி இன்னொருவன் அட்டையில் இருக்கும். அப்போது நமக்கு அது குறையாகக்கூடத் தெரியவில்லை. இன்று அந்த நிறப் பிசகுக்காகவே வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய ஸ்டேஷனரி கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். மேல் அலமாரியில், பிரிக்காத அட்டையோடு 14 ஜோ. அட்டையில் அச்சடித்த பழைய விலையையே கொடுத்து அத்தனையும் அள்ளிக்கொண்டு வந்தேன். நான்கை விற்றதிலேயே ஒரு போன் வாங்கிவிட்டேன்.

மாடவீதி மாமி | சனி, இரவு 9:30

கடைக்காரரிடம் அதன் இன்றைய மதிப்பைச் சொன்னீர்களா?

கோவை கோப்ரா | சனி, இரவு 9:33

இல்லை மாமி. அட்டையில் போட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். அதில் என்ன தப்பு?

மாடவீதி மாமி | சனி, இரவு 9:41

தப்பு என்று நான் சொல்லவில்லையே. கடையை மூடுகிற மனுஷனுக்கு ஒரு போன் விலை பெரிசு என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒன்றுக்கு அறுபத்துநாலு | சனி, இரவு 10:20

மாமி, இதில் நான் கோப்ரா பக்கம். அந்தப் பதினாலும் இருபது வருஷம் அங்கே தூங்கின. அது என்ன என்று தெரிந்து வைத்திருப்பதற்கு நாங்கள் செலவழித்த ராத்திரிகளுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? மாடவீதிக் கடைக்காரர் மூட்டை கட்டும்வரை காத்திருப்பதும் அதே கணக்குதானே?

நான் கோபப்படுவது வேறு கூட்டத்தின் மேல். ஹாட் வீல்ஸ் குட்டிக் கார் வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். சாதாரணக் கார்களோடு கலந்து வரும் அரிய கார்களான ட்ரெஷர் ஹண்ட் என்ற வரிசை 1995-ல் 12 காரோடு ஆரம்பித்தது. 2007-லிருந்து சாதாரணம், சூப்பர் என்று இரண்டு தரம். இப்போது வருகிற சூப்பரை அடையாளம் காண, காருக்குப் பின்னால் அட்டையில் மறைந்திருக்கும் பொன்னிறச் சுடர் முத்திரையைப் பார்க்க வேண்டும். ரப்பர் டயரும் கண்ணாடி மாதிரி மின்னும் பெயிண்டும் இன்னொரு அடையாளம். சாதாரண ட்ரெஷருக்கு வெள்ளி நிறச் சுடர். விலை என்னவோ மற்ற கார்களுக்குள்ள அதே எம்.ஆர்.பி.தான். ஐந்து வயதுப் பையன் தற்செயலாக எடுத்துவிடக்கூடும் என்பதுதான் இதன் அழகே.

ஆனால் நடப்பது என்ன? கடை ஊழியரைக் கையில் போட்டுக்கொண்டு, பெட்டி மாடியை விட்டு இறங்கும் முன்பே பிரித்து, நல்லதைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை ஆணியில் மாட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓடினேன். ஏற்கெனவே யாரோ அலசிவிட்ட கார்கள்தான் தொங்கின, ஏழெட்டும் ஒரே பச்சை வேன். பேரம் என்பது விற்பவனோடு மோதுவது, இது பிள்ளைகளோடு மோதுவது.

வன்கூவர் வாசன் | ஞாயிறு, காலை 6:55

இங்கேயும் அதேதான். சரி, மாமிக்கு ஒரு தகவல். உங்கள் மகளிடம் ஃபன்கோ பாப்பை முழு விலைக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கோ. 2023-ல் அந்த நிறுவனமே கிடங்கில் இடமில்லாமல் 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பொம்மைகளை அழிக்கப் போவதாக அறிவித்தது. வைத்துக்கொள்ளும் வாடகையைவிட அழிப்பது மலிவாம். பொறுத்திருந்தால் கழிவு விலைக்கு வரும். மலிவு என்று போலி வாங்கிவிடவும் கூடாது. பெட்டியின் அடியில் அடித்திருக்கும் எண்ணும் பொம்மையின் காலிலோ கழுத்திலோ இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கோ.

கருப்பு கண்ட மதுரைக்காரன் | ஞாயிறு, காலை 10:10

நேற்று எழுதியதை நானே கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கருப்புக்குப் பொம்மை வந்தால் பயம் போய்விடும் என்றேன். எங்கள் அம்மா ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே புரவி எடுப்பு நடக்கும். ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அவர் கண்மாய் மண்ணில் ஆளுயரக் குதிரை செய்து சுட்டு, சாயம் பூசித் தருவார். தோளில் சுமந்துபோய் அய்யனார் கோயில் வாசலில் இறக்குவோம். அதோடு சரி. பிறகு அதை யாரும் துடைப்பதில்லை, ஒட்டவைப்பதில்லை. மழையில் சாயம் போய், காது உடைந்து, கால் மண்ணில் புதைந்து நிற்கும். பக்கத்தில் அடுத்த முறை வந்த புதுக் குதிரை.

அந்தப் பழைய குதிரை வரிசையைச் சாயங்காலம் ஆறரை மணிக்குத் தனியாகப் பார்த்திருக்கிறேன். ஓடி வந்துவிட்டேன். குதிரை மட்டும்தான் அங்கே நிற்கிறது, ஏறி வந்தவர் இறங்கி எங்கோ போயிருக்கிறார் என்று தோன்றும். அறுபத்துநாலு சொன்ன இம்பாலா கணக்கு இதுதான் போலிருக்கிறது. ஆளைச் செய்யாதே, ஆள் ஏறி வருவதைச் செய்.

பழையபெட்டி பாண்டி | வெள்ளி, மாலை 6:20

சந்தைக்குப் போய் வந்தேன். ஆறரை மணிக்கே போய்விட்டேன். தார்ப்பாய் அப்போதுதான் விரிகிறது.

அந்த பார்பி இருந்தாள்! ஆனால் இந்த முறை ரிமோட் ஓரத்தில் இல்லை, நட்ட நடுவில் ஒரு பழைய அயர்ன் பாக்ஸ் மேல் உட்கார வைத்திருந்தார். போன வாரம் ஸ்கல்லியை நான் மூன்று முறை திருப்பிப் பார்த்ததை மனுஷர் கவனித்திருக்கிறார். "300 சார், உங்களுக்காகத்தான் எடுத்து வைத்தேன்" என்றார். என் அப்பாவின் ரிமோட் வித்தை பலிக்கவில்லை. முடி சிவப்புதான். தூசிக்குள் நன்றாகவே தெரிந்தது. முதுகில் 1966 என்று பொறித்திருந்தது, அதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. 250-க்கு முடித்தேன்.

ஒன்றுக்கு அறுபத்துநாலு | வெள்ளி, மாலை 6:24

பாண்டி, 1966 என்பது உடம்பு அச்சின் உரிம வருஷம். பொம்மை செய்த வருஷம் இல்லை. 90-களில் வந்த பார்பிகளின் முதுகிலும் அதுதான் இருக்கும். ஹாட் வீல்ஸ் அடித்தட்டில் இருக்கும் வருஷத்தைப் பார்த்து ஏமாறுவது மாதிரி. முடியைக் கழுவிப் பாருங்கள். வெந்நீர் வேண்டாம்.

பழையபெட்டி பாண்டி | வெள்ளி, இரவு 8:47

ஷாம்பூ போட்டுக் கழுவினேன். முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது, தூசி. இரண்டாவது தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. மூன்றாவதும் அப்படியே. ஏதோ வாசனை அடிக்கிறதே என்று என் மனைவியைக் கூப்பிட்டேன். மோந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

மருதாணி. எந்த வீட்டுச் சிறுமியோ பொம்மைக்குத் தலையில் மருதாணி அரைத்துப் பூசியிருக்கிறாள். நான்காவது அலசலில் மஞ்சள் முடி வந்துவிட்டது.

வன்கூவர் வாசன் | வெள்ளி, இரவு 8:55

ஸ்கல்லி பக்கத்திலேயே இருந்தும் இப்படி ஏமாந்துவிட்டீர்களே அண்ணை. எல்லாவற்றுக்கும் அறிவியல் காரணம் இருக்கும் என்று பருவம் பருவமாகத் தொண்டை கிழியக் கத்தினாளே!

மாடவீதி மாமி | வெள்ளி, இரவு 9:12

பாண்டி, இரண்டு பேரையும் கொலு பார்க்கில் வையுங்கள். எங்கள் வீட்டுப் பார்க்கில் புல்லுக்குக் கேழ்வரகு முளைக்கப் போட்டிருக்கிறேன். போன வருஷம் பேரன் காருக்குப் பக்கத்தில் ஒரு டைனோசர் நின்றது, யாரும் கேள்வி கேட்கவில்லை. கை உடைந்தவளைக் குளத்தங்கரையில் சாய்த்து உட்கார வைத்தால் தெரியாது.

பழையபெட்டி பாண்டி | வெள்ளி, இரவு 9:20

வைக்கிறேன் மாமி. ஆனால் பெண் இப்போதே வந்து, மருதாணியைக் கழுவாமல் விட்டிருக்கலாம் என்று சண்டை போடுகிறாள். மிக்சி ஜார் மூடி இந்த வாரமும் கிடைக்கவில்லை.